முதல் வரவு வீட்டுக்கா, தளத்துக்கா?

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூக்கட்டி விற்கும் பெண்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். முழம் போட்டு விற்ற காசில் ஒரு பகுதி தனியே சுருக்குப் பையின் உள்ளறைக்குப் போகும். மறுநாள் விடியுமுன் சிட்டி மார்க்கெட்டில் பூ எடுப்பதற்கான காசு அது. வீட்டில் என்ன இடைஞ்சல் வந்தாலும் அதில் கை வைக்க யோசிப்பார்கள். வைத்துவிட்டால் மறுநாள் கடை இல்லை.

இந்தப் பூக்காரக் கணக்கு இன்று இன்னொரு கூட்டத்தாருக்கும் தேவைப்படுகிறது. பகலில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு இரவில் பொழுதுபோக்காக இணையதளம் நடத்தும் தமிழன்பர்கள் பலர். பழைய திரைப்படப் பாடல்களின் விவரம், ரயில் வண்டிகள், சமையல் குறிப்பு, சொந்த ஊர்க் கோயில் என்று அவரவர்க்கு ஒரு பித்து. நெடுங்காலம் இதில் காலணா வரும்படி கிடையாது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003-லேயே தொடங்கினாலும், தமிழ்ப் பக்கங்களை அது முறையாக ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அதற்குப் பிறகு சிலருக்குச் சில்லறை சேரத் தொடங்கியது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் பாங்குக்கு வரும். சிறிய தளத்துக்கு அது சேர ஒரு வருஷமும் ஆகும், இரண்டு வருஷமும் ஆகும்.

அப்படி வந்த முதல் 8,000 ரூபாய்ச் சொச்சத்தை என்ன செய்வது? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வாடகை கொடுத்து, பள்ளிக்கூடக் கட்டணம் கட்டி, தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் பெற்றோருக்கும் அனுப்புகிற குமாஸ்தாவுக்கு அது சின்னத் தொகையல்ல. "ராத்திரி பதினொரு மணி வரை விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, வீட்டுக்கு என்ன வந்தது?" என்று மனைவி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் குடும்பத்தின் நேரம் அல்லவா?

இருந்தாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டு வரவையாவது தளத்துக்கே திருப்பிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். சம்பளம் வீட்டுக்கு, தளம் சம்பாதித்தது தளத்துக்கு. சம்பளத்தை எடுத்துத் தளத்தில் போடாதவரை வீட்டாருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் ஒரு கணக்கர், பெங்களூர்ப் பகுதித் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றித் தளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்குப் பஞ்சமே இல்லை. தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலாரம்மா கோயிலில் சோழர் காலத்தவை இருக்கின்றன. பி. எல். ரைஸ் 1905-ல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி முழுவதும் பெங்களூர் மாவட்டத்துச் சாசனங்களே. நம் கணக்கர் தொம்மலூரோடு நின்றுவிட்டால் அவருடைய தளமும் அங்கேயே நின்றுவிடும். முதல் வரவை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோலாருக்குப் பஸ் ஏறினால், எழுத்து தெளிவாக விழும்படி நல்ல விளக்கு ஒன்று வாங்கினால், படித்துப் பிழை திருத்தித் தரும் தமிழாசிரியர் ஒருவருக்குச் சிறு சன்மானம் கொடுத்தால், வேறெங்கும் கிடைக்காத இருபது பக்கங்கள் சேரும். தேடி வருகிறவர்கள் கூடுவது அதனால்தான். இலவசமாக வேலை வாங்குவதைவிட அந்தச் சன்மானம் கொடுப்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

அதற்கும் முந்திய செலவு ஒன்று உண்டு: சொந்த முகவரி. ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் தளத்துக்கென்று பெயர் பதிவு செய்துகொள்ளலாம். இலவச இடம் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பவர்கள் ஜியோசிட்டீஸ் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே காசில்லாமல் பக்கம் வைத்திருந்தார்கள். 1999-ல் யாஹூ நிறுவனம் அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. பிரதி எடுத்து வைக்காத பலருடைய பல வருஷ உழைப்பு அதோடு போயிற்று. குடியிருக்கிற வீட்டுக்கு வாடகைச் சீட்டு கேட்டு வாங்குகிறவர்கள், எழுத்து குடியிருக்கும் இடத்துக்கு எந்தச் சீட்டும் இல்லாமல் இருப்பது விந்தைதான்.

"இப்படிப் பத்தும் நூறுமாகப் போட்டு எப்போது பெரிதாவது? முதலாளி யாரையாவது பிடித்தால் ஒரே மூச்சில் வளரலாமே" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிரிக்இன்ஃபோ ஒரு பாடம். 1993-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக் கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. பல நாடுகளில் இருந்த கிரிக்கெட் பித்தர்கள் ஸ்கோர் விவரங்களைக் கூலி வாங்காமல் சேர்த்துக் கொடுத்தார்கள். வளர்த்தவர்களில் ஒருவர், அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நம் பத்ரி சேஷாத்ரி. பின்னாளில் சென்னையில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவர். 2000-ம் ஆண்டில் அதன் மதிப்பு 15 கோடி டாலர் என்றார்கள். அடுத்த ஆண்டே இணைய நிறுவனங்கள் எங்கும் சரிந்தன, கிரிக்இன்ஃபோவும் தடுமாறியது. 2003-ல் விஸ்டன் குழுமத்துக்கும், 2007-ல் ஈஎஸ்பிஎன் நிறுவனத்துக்கும் கைமாறியது. தொடங்கியவர்களிடம் அது தங்கவில்லை. இத்தனை கைமாறியும் அழியாமல் நின்றது, அன்று பித்தர்கள் சேர்த்து வைத்த ஸ்கோர் பட்டியல்கள்தான். இன்றைக்கும் பழைய டெஸ்ட் பந்தயக் கணக்கு வேண்டுமென்றால் பலர் அங்கேதான் போகிறார்கள். பெரும் பணம் வராமலிருந்தால் அது இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பது நியாயமான சந்தேகமே. ஆனால் மாதச் சம்பளக்காரர் தாங்கக்கூடிய ஆட்டமல்ல அது. தளத்துக்காக வட்டிக்கு வாங்குவதும் அப்படியே. தளம் ஈட்டியதற்கு மேல் ஒரு ரூபாயும் அதில் போடக்கூடாது.

காசு கொடுத்து வாசகர்களைத் திரட்டும் செலவும் வேண்டாம். காசு தீர்ந்த அன்றே கூட்டமும் கலைந்துவிடும். வரும்படியைக் கூட்டலாமென்று மைத்துனரையும் சிநேகிதரையும் விளம்பரத்தைத் தட்டச் சொன்னால், கண்டுபிடித்துக் கணக்கையே மூடிவிடுவார்கள்.

அரசு ஊழியர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-வது விதி, முன் அனுமதியின்றி வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு விலக்கு தருகிறது. விளம்பர வருமானம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல், மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. தனியார் கம்பெனிக் குமாஸ்தாவும் வேலை உத்தரவை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். வருமான வரிக் கணக்கில் இந்த வரவையும் காட்ட வேண்டும். தளத்துக்காகச் செய்த செலவைக் கழிக்க இடமுண்டு. பெயர்ப் பதிவு, சன்மானம் எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். இதற்கென்று ஒரு தனிப் பாங்குப் புத்தகம் இருந்தால் வீட்டில் கேட்கும்போது எடுத்துக் காட்டவும் வசதி.