ஆவாரம்பூவுக்கு எதற்கு அரிதாரம்?

செல்போனில் எடுத்த ஆவாரம்பூ படத்தை யாராவது அனுப்பினால், அதைப் பெரிதாக்கி இதழைத் தேடுவது என் தொழில் புத்தி. அருப்புக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். பெரும்பாலும் அங்கே இதழே இருக்காது. எலுமிச்சை மஞ்சளில் ஒரு திட்டு இருக்கும். இதழில் ஓடும் நரம்பு, ஓரச் சுருக்கம், மேல் படிந்த புழுதி எல்லாம் அந்தத் திட்டுக்குள் காணாமல் போயிருக்கும். "கலர் சூப்பரா இருக்குல்லண்ணே?" என்று கீழே ஒரு கேள்வி வேறு.

கரிசல் காட்டில் இப்படி ஆவதற்குத் தனிக் காரணம் உண்டு. எதிரே இருப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சக் கணக்குப் போடுகிறது. திருச்சுழி போகிற வழியில் இறங்கி, மழையில் ஊறிய கரிசலைப் பின்னால் வைத்து ஒரு பூவை எடுத்தால் படத்தில் முக்கால்வாசி கறுப்பு. இருட்டிக் கிடக்கிறதென்று நினைத்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மண் வெளிறிச் சாம்பலாகும், பூ வெந்துபோகும். இதற்கு மருந்து சுலபம். திரையில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். மண் தன் கறுப்புக்குத் திரும்பும், இதழில் நரம்பு தெரியும். படம் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும் என்பதால்தான் யாரும் இதைச் செய்வதில்லை.

செங்காந்தள் இன்னும் சிக்கல். ஐப்பசி மழைக்குப் பிறகு வேலியோரத்தில் ஏறிப் பூக்கும் நம் மாநில மலர், பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சாகி முழுச் சிவப்பில் முடியும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களுக்குள் இருக்கிறது. அதில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மொத்த வெளிச்சத்தை எடைபோடும்போதும் பச்சைக்கே பங்கு அதிகம். காந்தள் இதழில் சிவப்பு நிரம்பி வழிந்தாலும், 'எல்லாம் சரி' என்றே கேமரா சொல்லும். அலையலையாக நெளியும் இதழோரம் ஒரே சிவப்புத் தகடாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம் கேமராவில் இருந்தால், சிவப்புக்கோடு வலது சுவரில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டியபின் கம்ப்யூட்டரில் எத்தனை இழு இழுத்தாலும் போன நிறம் திரும்பாது.

சங்குப்பூ நீலம் படத்தில் ஊதாவாக வருவதாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீலப் பூக்கள் பலவும் சிவப்பின் கடைக்கோடி ஒளியையும் கொஞ்சம் திருப்பி அனுப்புகின்றன. நம் கண் அந்த இடத்தில் ஏறக்குறையக் குருடு. கேமரா அந்த அளவு குருடில்லை. பிலிம் காலத்தில் இது இன்னும் மோசம், சில நீலப் பூக்கள் ரோஸாகவே பிரிண்ட் ஆகும். இப்போது சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டியை வைத்துக் குறைத்திருக்கிறார்கள். குறைத்தது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால்தான் ஒரே பூ இரண்டு போனில் இரண்டு நீலம்.

'கண்ணுக்குக் கண் நிறம் மாறும், சரியான நிறம் என்று ஒன்று ஏது?' என்று கேட்பார்கள். எங்கள் ஊர் சாயப்பட்டறையில் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாயம் தோய்த்த நூல் சிட்டத்தை ட்யூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டும் சாயக்காரர் யாருமில்லை. வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்து, ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார். நிறத்துக்குச் சாட்சி பக்கத்தில் இருக்கும் இன்னொரு நிறம்தான். புகைப்படத்திலும் அதே வழி. 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை ஒன்று 1976இலேயே வந்துவிட்டது. அதில் ஒரு கட்டத்தின் பெயரே 'நீலப் பூ'. அட்டைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தடிமனாக ஒரு குச்சியில் சுற்றிப் பூவுக்குப் பக்கத்தில் நட்டு ஒரு படம் எடுக்கலாம். அது எந்த நிறச் சாய்வும் அநேகமாக இல்லாத வெள்ளை. நோட்டுத்தாள் ஆகாது, வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் வெயிலில் நீலம் அடிக்கும்.

கல்யாண ஆல்பத்தில் கனகாம்பரத்தைக் கூடுதலாகச் சிவக்க வைக்கச் சொன்னால் நான் வைப்பேன். கேட்டு வாங்கும் அலங்காரம் அது, காசும் அதற்குத்தான். என் சண்டை, பதிவு என்ற பெயரில் எடுக்கப்படும் படங்களோடு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் ஒட்டப்போகும் படம் என்ன ஒளியில், எந்தப் போனில், என்ன 'பளபளப்பு' ஏற்றி எடுத்தது?

பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியின் பூ மஞ்சள். இப்போது பரவலாகப் போடும் ஹைபிரிட் பருத்தி பாலேடு வெள்ளையில் மலர்ந்து மறுநாள் ரோஸாக மாறும். ஹைபிரிட் பூவைச் சாயங்கால வெயிலில் எடுத்தால் போதும், பாலேடு மஞ்சளாகிவிடும். இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிற பிள்ளை, இந்தப் புஞ்சையில் கருங்கண்ணி இருந்தது என்று எழுதினால் யாரைக் குற்றம் சொல்வது? செடி அழிந்தால் விதையாவது எங்காவது மிஞ்சும். நிறம் பொய்யானால் சரிபார்க்க ஆளே இருக்காது, ஏனென்றால் பூ எப்போதோ வாடிவிட்டது.

ஆகவே பதிவேட்டுக்குப் போகும் பூப்படத்துக்கு இரண்டு நிபந்தனை போட வேண்டும் என்பேன். படத்தில் சாட்சி வெள்ளையோ சாம்பலோ இருக்க வேண்டும். போனின் 'புரோ' பகுதியில் கிடைக்கும் ரா கோப்பை அழிக்காமல் வைக்க வேண்டும். அதில் நிறத்தைப் பின்னால் நிதானமாகச் சரிசெய்யலாம். வேளையைக் குறிப்பது பழக்கமானால் நல்லது. உச்சி வெயில் சுமார் 5500 கெல்வின், மர நிழல் 7500ஐத் தொடும். நிழலில் எடுத்தது நீலம் பாய்ந்திருப்பது ஏன் என்று பார்ப்பவருக்குப் புரியும். இதில் எதற்கும் விலை உயர்ந்த கேமரா வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள், நிறத்தைக் கூட்டினால்தான் மதிப்பெண் என்று நாம் சொல்லாத வரை.

மார்கழி முடிவில் காப்புக்கட்டுக்குச் செடி பறிக்கப் போகிறவர்கள் கையில் எப்படியும் போன் இருக்கும். சிறுபீளையிலிருந்து தொடங்கலாம். அது லேசாகச் சாம்பல் ஓடிய வெள்ளை. போன் அதைச் சலவை செய்துதான் கொடுக்கும். பக்கத்தில் டேப் சுற்றிய குச்சியை நட்டு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுத்துப் பாருங்கள்.