உம்மாவுக்கு ஐந்து நிமிடம் போதுமா?



சுபஹுத் தொழுத கையோடு உம்மாவை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு கிளினிக்குக்குப் போய், நம்பர் எடுத்து, வாங்கில் மூன்று நான்கு மணித்தியாலம் காத்திருக்கிறீர்கள். கடைசியில் டொக்டரின் மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று எப்போதாவது கவனித்ததுண்டா? "சீனி கூடியிருக்கு, சாப்பாட்டப் பாருங்க" என்று அவர் கொப்பியில் எழுதி முடிக்கும் முன்பே அடுத்தவர் கதவருகில் வந்து நிற்பார்.

டொக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. வெளியே இருக்கும் கூட்டம் அவருக்கும் தெரியும். இது நமது நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 67 நாடுகளின் விபரங்களைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சொல்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில், நோயாளி முதலில் போய்க் காட்டும் டொக்டர் அவருக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடம், அல்லது அதற்கும் குறைவு. சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். பங்களாதேஷிலோ 48 செக்கன்கள்தான்!

தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் சீனி, பிரசர், இருதயம், முழங்கால், கண் என்று ஐந்து வருத்தங்களையும் ஐந்து கொப்பிகளையும் சுமந்து கொண்டிருக்கும் உம்மாவுக்கு? ஒவ்வொரு கிளினிக்கிலும் அந்தந்த வருத்தத்தைத்தான் பார்ப்பார்கள். முழு உம்மாவை யார் பார்ப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு தாயாருக்கு பிரசருக்கு லொசார்டன் கொடுத்திருந்தார்கள். இருதயக் கிளினிக்கில் கால் வீக்கத்துக்காகச் சலம் போகும் குளிசை கொடுத்தார்கள். இவை இரண்டும் தேவையான மருந்துகள்தான். ஆனால் சுஜூதுக்குப் போக முழங்கால் விடவில்லை என்று, மகனை அனுப்பிப் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கித் தினமும் விழுங்கி வந்தார். "அது சும்மா கால்வலிக் குளிசைதானே" என்று எந்த டொக்டரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து, அது பழுதடையக் கூடும். சில மாதங்களில் கால் வீக்கம் ஏறியது. சோறு செல்லவில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தது.

கண்டுபிடித்தவர் பெரிய நிபுணரல்ல, ஊர்க் குடும்ப டொக்டர். மகள் முதல்நாளே போய், "உம்மாவுக்குப் பல வருத்தம் டொக்டர், ஆறுதலாகக் காட்ட வேணும், எப்ப வரட்டும்?" என்று கேட்டிருந்தாள். சனம் குறைந்த நாளில் கடைசி நம்பருக்கு வரச் சொன்னார். பையிலிருந்த குளிசைகளையெல்லாம் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் விசாரித்தார். வலிக் குளிசையை நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகம் ஓரளவு தேறியது. முழுதாகத் தேறவில்லை.

இங்கிலாந்தில் இப்படியான நோயாளிகள் குடும்ப டொக்டரிடம் இரட்டை நேரம் கேட்டு வாங்கலாம். இங்கே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு நம்பருக்குக் காசு கட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்காக இருந்தால் மிஸ்ஸியிடம் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் முகம் சுளிப்பதில்லை.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். நாட்டு வைத்தியர் தந்த தூள், கருஞ்சீரகம், பக்கத்து வீட்டு மாமி கொடுத்த குளிசை எல்லாம் அதில் இருக்கட்டும். உம்மாவை அதிகம் வருத்தும் விடயத்தை முதலில் சொல்லுங்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கன்களில் டொக்டர் குறுக்கிட்டு விடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஆகவே ஊர்க்கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். (நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்!)

இன்னொன்று. பல வீடுகளில் உம்மாவோடு மகன் போவார், அல்லது வாப்பா போவார். கேள்வி உம்மாவுக்கு, பதில் அவர்களிடமிருந்து! இருமும்போது சலம் கசிவதையும், அதனால் வுழூ நிற்காமல் அவர் படும் பாட்டையும் மகனுக்கு முன்னால் எந்தத் தாய் சொல்வார்? மகளோ மருமகளோ கூடப் போங்கள். முடியாவிட்டால், சிறிது நேரம் மகனை வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

நீண்ட நேரம் மிகவும் தேவைப்படுவது நோன்புக்கு முன்புதான். சீனி வருத்தக்காரர் றமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே டொக்டரைக் காண வேண்டும். அதாவது றஜப் மாதத்தின் முற்பாதியில். கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் பட்டினி வயிற்றில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். எந்த மருந்தை இப்தாருக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது, பகலில் எத்தனை மணிக்குக் குத்திப் பார்ப்பது, சீனி எவ்வளவுக்கு இறங்கினால் நோன்பை விடுவது என்றெல்லாம் கேட்டுத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். "இந்த வருடம் வேண்டாம்" என்று டொக்டர் சொன்னால் உம்மா அழுவார். மார்க்கம் தந்த சலுகையை மௌலவி ஒருவர் எடுத்துச் சொல்லவும், பித்யாவைப் பற்றி விசாரிக்கவும் அப்போது நாட்கள் கையில் இருக்கும்.

கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை றிப்போட்டையும் அந்தப் பையிலேயே வைத்துவிடுங்கள். அது இல்லாததால் இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர்.