மலைப்பாதையில் மாலை ஆறு மணிக்குப் பிறகு

வெளிநாடுகளில் வாழும் உறவினர்களும் நண்பர்களும் இலங்கைக்கு வரும்போது மலைநாட்டுக்கு ஒரு சாலைப் பயணம் போய்வர வேண்டும் என்று விரும்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. புறப்படுவதற்கு முன் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பவர்களும் உண்டு. பெயர்களும் திகதிகளும் மாறுமே தவிர, திட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வான் ஒன்றில் புறப்பாடு. கண்டியில் மதிய உணவு. பேராதனைப் பூங்கா. இறம்பொடையில் அனுமார் கோயில். லபுக்கலையில் தேநீர். இரவு நுவரெலியா. மறுநாள் காலை சீத்தாஎலிய, நண்பகலில் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், இராவணன் நீர்வீழ்ச்சி, அன்றிரவே கொழும்பு. தூரங்களையெல்லாம் கிலோமீற்றர் கணக்கில் கூட்டிச் சரியாகவே எழுதியிருப்பார்கள்.

அந்தக் கணக்கில்தான் தவறு தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையிலான ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதன் பெரும்பகுதி சமவெளி. பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு இருப்பது சுமார் 70 கிலோமீற்றர் மட்டுமே. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது ஒரு மணி நேரப் பயணமாகத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் அந்த 70 கிலோமீற்றருக்குள் வீதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரத்துக்கு ஏறுகிறது. கம்பளையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். புசல்லாவைக் கடைத்தெருவில் வாகனம் ஊர்ந்தே செல்லும். இறம்பொடையில் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்க, எதிரே மலைமுகட்டிலிருந்து அருவி இறங்கும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர் மலைநாட்டுக்கு வந்திருக்கவே தேவையில்லை. அங்கிருந்து மேலே தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது முற்பகலில் வெயில் காய்ந்த இடத்தில் பிற்பகலில் மூடுபனி கவிந்திருக்கும். இந்தத் தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குவதே நியாயமானது.

நுவரெலியாவுக்குக் கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அவிசாவளை, கித்துள்கல, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாகச் செல்லும் ஏ-7 வீதி அது. என்னைக் கேட்டால், போகும்போது ஒரு வழியும் திரும்பும்போது மற்ற வழியுமாகச் செல்வதே சிறந்தது. இரண்டும் ஒரே நகரத்துக்குச் சென்றாலும் இரண்டு வெவ்வேறு நாடுகளைப் போன்றவை. களனி கங்கையை ஒட்டி வரும் ஏ-7, கினிகத்தேனையில் மூச்சுப்பிடித்து ஏறி, மழைக்குப் பெயர்போன வட்டவளையைக் கடந்து அட்டனை அடைகிறது. அதற்கப்பால் கொட்டகலை முதல் நானுஓயா வரை வீதியின் இரு பக்கமும் தோட்டங்கள், லயங்கள், கோயில்கள், பாடசாலைகள். தமிழ் தெரிந்த பயணி யாருடைய உதவியும் இல்லாமல் வண்டியை விட்டிறங்கிப் பேசக்கூடிய பிரதேசம் இது. டெவன் நீர்வீழ்ச்சியைப் படம் பிடித்துக்கொண்டு, தலவாக்கலைக் கடையொன்றில் ஒரு தேநீர்கூட அருந்தாமல் போய்விடுகிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சிறு வருத்தம் உண்டு. சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பின்னர் அந்த அருவிக்கு அளந்துதான் நீர் விடப்படுகிறது.

பருவகாலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புலம்பெயர்ந்த குடும்பங்கள் வருவது பெரும்பாலும் பிள்ளைகளின் கோடை விடுமுறையில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி. அதாவது ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். யாழ்ப்பாணத்தில் அப்போது வெயில் கொளுத்தும். அதை நம்பி மலைக்கு வந்தால், மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். அட்டனும் கினிகத்தேனையும் அந்நாட்களில் நனைந்தபடியே இருக்கும். ஆனால் நுவரெலியாவைத் தாண்டி வெளிமடை, பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் இறங்கினால் வானம் தெளிந்திருக்கும். காற்றுத்தான் பலமாக வீசும். நத்தார் விடுமுறையில் வருபவர்களுக்கு நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவைத்தான் நனைக்கும். மலையின் இரு புறமும் ஓரளவு உலர்ந்திருப்பது பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அப்போது மலையைக் காட்டிலும் வாகனங்களையே அதிகம் பார்க்கலாம்.

இவையெல்லாம் வசதி பற்றியவை. நான் எழுத நினைத்தது வேறொன்று.

பத்திரிகை அலுவலகங்களில் இரவுக் கடமையில் இருந்தவர்கள் மலையக விபத்துச் செய்திகளுக்குப் பழக்கப்பட்டவர்கள். இடமும் எண்ணிக்கையும் மாறும். அண்மைய ஆண்டுகளின் மூன்று விபத்துக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜனவரி 20 ஆம் திகதி, நுவரெலியாவைப் பார்த்துவிட்டுக் கொழும்பு நோக்கித் திரும்பிய பாடசாலை மாணவர்களின் பஸ் வண்டி, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் எதிரே வந்த வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. 2025 மே 11 ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி எழுபதுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் சென்ற பஸ், கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி, எல்லவுக்குச் சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல-வெல்லவாய வீதியில் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் உயிரிழந்தனர்.

இந்த மூன்று விபத்துக்களும் நிகழ்ந்த நேரத்தைக் கவனியுங்கள். முதலாவது, இரவு ஏழு மணியளவில். இரண்டாவது, விடியுமுன். மூன்றாவது, இரவு ஒன்பது மணியளவில். மூன்றுமே இருட்டில். வண்டியின் பழுது, வேகம், அளவுக்கு மீறிய பயணிகள், சாரதியின் களைப்பு என்று ஒவ்வொரு விபத்தின் பின்னரும் பல காரணங்கள் பேசப்படுகின்றன. அவற்றை ஆராய்வது அதிகாரிகளின் வேலை. ஆனால் சுற்றுலாப் பயணி ஒருவர் தன் கையில் வைத்திருக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. இருட்டிய பிறகு மலைப்பாதையில் இருப்பதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். இலங்கையில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியளவுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. கோடையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய நாடுகளிலிருந்து வருபவர்கள் திட்டம் வகுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ரதல்ல விபத்தில் உயிரிழந்த ஏழு பேரும் அந்த வானிலும் முச்சக்கர வண்டியிலும் வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சுற்றுலா போனவர்கள் அல்லர். ஆகவே, “எங்கள் உயிர், எங்கள் விருப்பம்” என்று இந்த விடயத்தில் யாரும் சொல்ல முடியாது. அந்த வீதிகள் பயணிகளுக்குக் காட்சி. அங்குள்ளவர்களுக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் போகிற ஒரே வழி. மழையில் குடையுடன் வீதியோரமாக நடக்கும் பிள்ளைகளுக்கு நடைபாதை என்று ஒன்று பல இடங்களில் கிடையாது.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார். தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்குவார் அனுபவமுள்ள சாரதி. வண்டியின் வேகத்தை இயந்திரமே கட்டுப்படுத்தும்; பிரேக் வளைவுகளுக்கு மிஞ்சியிருக்கும். நீங்கள் அமர்த்தும் சாரதிக்கு மலைநாட்டில் ஓட்டிய பழக்கம் உண்டா என்று கேளுங்கள். நாட்கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

தாமே ஓட்டிச் செல்ல விரும்புகிறவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டவர்களுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாடு 2025 ஓகஸ்டில் தொடங்கியது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வருபவர்களுக்கு இடப்பக்கம் ஓட்டிப் பழக்கம் இருக்கிறது. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே நாடுகளில் வலப்பக்கம் ஓட்டுகிறவர், பதற்றமான ஒரு வளைவில் கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஒரு கணம் எண்ணிப்பார்க்கட்டும். அனுமதிப்பத்திரம் கிடைப்பது வேறு, இறம்பொடையில் எதிரே ஒரு பஸ் வருவது வேறு.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின்னர் இன்னொரு கேள்வியும் எழுந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகளே மிகக் கொடியவை. வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தன. இப்படிப்பட்ட இடத்துக்கு உல்லாசமாகப் போகலாமா என்று சிலர் தயங்கினார்கள். போகலாம் என்பதே என் கருத்து. வீதியோரக் கடைக்காரரும் விடுதிப் பணியாளரும் மரக்கறி விற்பவரும் பயணிகளை எதிர்பார்த்தே இருக்கிறார்கள். ஆனால் மழையின் சேதியைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே முதற்படி எச்சரிக்கைக்கான எல்லை வந்துவிடும். நீங்கள் செல்லும் வழியில் செம்மஞ்சள் நிறம் இருக்குமானால் அன்றைய பயணத்தை நிறுத்துங்கள். விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கக் கொஸ்லந்தை வழியாகப் போகிறவர்கள், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஒரு காலைப் பொழுதில் லயங்களோடு மனிதர்களை மண் விழுங்கிய மீரியபெத்தை அந்தப் பக்கத்திலேயே இருப்பதை அறிந்துகொண்டு போவது நல்லது.

திட்டம் எப்படி இருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நாள் கண்டியோடு நிறுத்துங்கள். போகும் வழியில் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகள் ஊடாக நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த மார்க்கத்தின் கடைசிப் பகுதி அது. இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் நுவரெலியா. மூன்றாம் நாள் எங்கும் போக வேண்டாம். ஹோட்டன் சமவெளிக்குப் போக ஆசைப்பட்டால் உள்ளூர் வாகனமும் உள்ளூர்ச் சாரதியும் அமர்த்திக்கொள்ளுங்கள். உலக முடிவை முகில் மூடுமுன் போய்ச்சேர இருட்டில் புறப்படத்தான் வேண்டும். என் ஆறு மணி விதிக்கு நான் தரும் ஒரே விலக்கு அது. நான்காம் நாள் வெளிமடை வழியாக எல்ல. அங்கு இரு இரவுகள். மட்டக்களப்புக்குச் செல்பவர்கள் அங்கிருந்து பதுளை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கலாம். பேராதனையில் தொடங்கிய அதே ஏ-5 வீதிதான் செங்கலடியில் முடிகிறது. இந்தத் திட்டத்தில் பாதி இடங்கள் விடுபட்டுப் போகும் என்று உறவினர் ஒருவர் கோபித்துக்கொண்டார். விடுபடத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. விடுதியை முன்பதிவு செய்யும்போது சாரதிக்கு அறை உண்டா என்று கேளுங்கள். சில விடுதிகளில் சாரதிகளுக்கென்று அறையும் உணவும் இருக்கின்றன. பல இடங்களில் இல்லை. நுவரெலியாக் குளிரில் வாகனத்தின் ஆசனத்தைச் சாய்த்து, ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் சாரதிகளை வாகனத் தரிப்பிடங்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே கம்பளிக்குள் உறங்கும் குடும்பத்தைக் காலையில் மலையிலிருந்து இறக்கப்போகிறவர் அவர்தான். அவருக்கு அறை இல்லை என்று விடுதிக்காரர் சொன்னால், பக்கத்து ஒழுங்கையில் ஒரு சிறிய விடுதியில் அறை எடுத்துக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு அவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.