முட்டை சமைக்கக் கற்போம்!

நமது சங்க இதழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரும்பொருள்களையே நாடுகின்றனர். மொழியின் மேன்மை, நாட்டின் வருங்காலம், விண்வெளியின் விந்தை என்று விரிந்து செல்லும் கட்டுரைகளுக்கு நடுவே நான் கோழி முட்டையோடு வந்து நிற்கிறேன். நகைக்க விரும்பும் நண்பர்கள் முதலில் நகைத்துக்கொள்ளட்டும். நகைத்து முடித்தபின் என் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்லட்டும். உங்கள் வீட்டில் அன்றாடம் சமைப்பவர் நாளைக் காலை காய்ச்சலில் படுத்துவிட்டால், வாய்க்கு ருசியாக ஏதேனும் ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுக்க உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்று சொல்பவர் சிலர். தலையைச் சொறிபவர் பலர். சொறிபவருள் மிகப் பெரும்பாலோர் என் இனத்தவராகிய ஆடவர். ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து டில்லிக்குப் படிக்க வந்திருக்கிறோம். வெப்ப இயக்கவியலைக் கரைத்துக் குடித்திருக்கிறோம். ஆனால் அடுப்பில் சட்டியை வைத்து அதில் எப்போது எண்ணெய் ஊற்றுவது என்று தெரியாமல் விழிக்கிறோம். இது கல்விக்கு அழகா?

பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும், ஆடவராயினும் மகளிராயினும், நான்கு முட்டைப் பண்டங்களையாவது செய்யக் கற்றிருக்க வேண்டும். கற்றதைத் தம் வீட்டாருக்கும் நண்பருக்கும் தம் கையாலேயே சமைத்துப் பரிமாற வேண்டும். இதுவே என் கட்சி.

முட்டையை ஏன் பிடித்தாய் என்பீர்கள். சமையல் உலகில் நுழைய அதைவிட எளிய வாயில் இல்லை. அதை அரிய வேண்டா, ஊற வைக்க வேண்டா, அரைக்க வேண்டா. தெருமுனைக் கடையில் எந்நாளும் கிடைக்கும். பத்து நிமிடத்தில் தட்டுக்கு வரும். சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12 என்னும் உயிர்ச்சத்தும் இருக்கிறது. இல்லாதவை நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும். அவற்றைத் தக்காளியும் கீரையும் எலுமிச்சையும் ஈடு செய்யும். முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறும் நம் பாட்டிமார் இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்ததில்லை.

நமக்கும் முட்டைக்கும் வேறோர் உறவும் உண்டு. 1982-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்த நம்மில் பலர் அந்த முட்டையைத் தட்டில் வாங்கி உண்டு வளர்ந்தவர்கள். நாமக்கல் பண்ணையிலிருந்து வண்டியேறி வந்த முட்டையை வேகவைத்து, ஓடு உரித்து, நம் தட்டில் இட்ட கைகள் பெரும்பாலும் பெண்களுடைய கைகளே. பள்ளியிலும் அவர்கள், வீட்டிலும் அவர்கள். நாமோ தட்டு ஏந்தியே பழகிவிட்டோம்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று எண்ண வேண்டா. 2019-இல் நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் காலப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். ஈடுபட்ட பெண்கள் அதில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதாவது, ஏதோ கொஞ்சம் வேலை செய்யும் ஆணும்கூடப் பெண் செய்வதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறான். மற்றவர்கள் அதையும் தொடுவதில்லை. மேடைதோறும் சமத்துவம் பேசும் நாம் இந்த எண்களின் முன் என்ன பேசப் போகிறோம்?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை எங்கள் வீட்டில் நான் முட்டைப் பொடிமாஸ் செய்தேன். தட்டுகளை வைத்துவிட்டு, "அம்மா, நீ உட்காரு, நான் போடுகிறேன்" என்றேன். "நீங்கள் எல்லோரும் சாப்பிடுங்கள், நான் அப்புறம்" என்றார். அவருக்கு வழக்கமாக வரும் விடை அது. நான் விடவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் சற்று நகர்ந்து இடம் விட்டார். இரண்டு வாய் உண்ட பிறகு அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!" அவர் பொடிமாஸைப் புகழவில்லை. சூட்டைத்தான் புகழ்ந்தார். இருபது ஆண்டுகளாக எங்களுக்கெல்லாம் சூடாகப் போட்டுவிட்டு, ஆறிப்போனதையே தான் உண்டு வந்திருக்கிறார். என் கட்சிக்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தேவையில்லை.

இனி, எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழி சொல்லாமல் அறிவுரை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

முதலில் முட்டையைச் சோதியுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் இட்டால், புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாட்பட்டது எழுந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெருகுவதே காரணம். மிதப்பதை விலக்கிவிடுங்கள்.

வேகவைப்பது முதற்பாடம். முட்டை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் 9 அல்லது 10 நிமிடம் விட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். மறந்து போய் அரைமணி நேரம் விட்டால் மஞ்சட்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாய் ஒரு வளையம் படரும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடுவதால் வருவது அது. நஞ்சில்லை, ருசிதான் குறையும்.

பொடிமாஸ் இரண்டாம் பாடம். இருவருக்கு 4 முட்டை, 2 பெரிய வெங்காயம், 2 பச்சை மிளகாய் போதும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். அவசரக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். வெங்காயம் வேகாத பொடிமாஸில் பச்சை வாடை வீசும். மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, தீயைத் தணித்து, அதன்பிறகே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டை வேக மிகுந்த வெப்பம் வேண்டியதில்லை. வெள்ளைக்கரு 60 பாகைக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கிவிடும். மஞ்சட்கரு 70-ஐ நெருங்கும்போது கெட்டியாகும். தீ மிஞ்சினால் புரதம் சுருங்கித் தன் நீரைப் பிழிந்துவிடும், பொடிமாஸ் மரத்தூளாகும். ஆகவே முட்டை இறுகி, சற்று ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மிளகுத்தூள் தூவுங்கள். சட்டியின் சூடு மிச்ச வேலையை முடித்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்க்கும் நோயாளிக்கும் கொடுப்பதாயின் நன்றாக வேகும்வரை வைத்திருங்கள். அரைவேக்காட்டு முட்டையில் கிருமி தங்கக்கூடும்.

மூன்றாவது, முட்டை தோசை. மாவு வீட்டில் இருக்கும். மேலே ஒரு முட்டையை உடைத்துப் பரப்ப வேண்டியதுதான். நான்காவது, குழம்பு. புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும் குழம்பில் தீயைக் குறைத்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவிடுங்கள். கிளறினால் கலைந்துவிடும். பொறுமைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இந்த நான்கும் கைவந்தால் ஒரு வீட்டின் பசியை ஆற்றலாம். நண்பர்களையும் அழைக்கலாம். விருந்தோம்பலுக்கென வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ விருந்து என்றால் பத்து வகைக் கறியும் பாயசமும் என்று எண்ணிக்கொண்டோம். அதனால் என்ன விளைந்தது? விருந்தினர் வருகிறார் என்றதும் வீட்டுப் பெண்கள் விடியலுக்கு முன்பே அடுப்படியில் அடைபடுகின்றனர். அல்லது, அத்தனை செய்ய இயலாது என்று யாரையும் அழைக்காமலே இருந்துவிடுகிறோம். நான்கு முட்டையும் ஒரு ரொட்டிப் பொட்டலமும் வைத்துக்கொண்டு நண்பனை வா என்று அழைக்கத் துணிந்தால், விருந்தும் பிழைக்கும், வீட்டுப் பெண்களும் பிழைப்பார்கள்.

அப்படி அழைத்தால் பாரதமே உங்கள் அறைக்கு வரும். வங்காள நண்பன் வந்தால், வெந்த முட்டையில் மஞ்சள் தடவிக் கடுகெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்குக் குழம்பில் இடச் சொல்லித் தருவான். பார்சித் தோழி வந்தால், நம் பொடிமாஸின் ஒன்றுவிட்ட தங்கை போன்ற அகூரியைக் குழைவாகக் கிண்டிக் காட்டுவாள். மலையாளத் தோழன் முட்டை ரோஸ்டுக்கு வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும் என்று வாதிடுவான். மும்பைக்காரன் புர்ஜியைப் பாவ் ரொட்டியோடு நீட்டுவான். ஒருமைப்பாட்டைப் பற்றிய பத்துச் சொற்பொழிவு தராததை ஒரு சட்டி தந்துவிடும்.

மறுப்புகளை நான் அறியாமல் இல்லை. விடுதி அறையில் அடுப்பு மூட்ட விதி இடம் தராது என்பர் சிலர். விதியை மீறச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வீடு செல்கிறோம் அல்லவா? அங்கே எந்த விதி தடுக்கிறது? நேரம் இல்லை என்பர் வேறு சிலர். கைப்பேசியில் பெருவிரலைத் தள்ளிக்கொண்டே கழியும் நேரத்தில் கால் பங்கு போதும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. முட்டை உண்ணாத நண்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களது உணவு முறையை நான் மதிக்கிறேன். அவர்களை அழைக்கும்போது அவர்களுக்கெனத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்து, அவர்கள் பங்கை முதலில் சமைத்துவிட வேண்டும். அவர்கள் தட்டைப் பார்த்துக் கேலி பேசுவது பண்பன்று. அதேபோல் மறுபக்கமும் பண்பு வேண்டும். அறை வாடகைக்குக் கேட்கச் சென்றால், படிப்பு என்ன என்று கேட்பதற்கு முன்பே, முட்டை சமைப்பீர்களா என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இத்தலைநகரில் உண்டு. சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் குடியேறுபவர் அவ்வாக்கைக் காக்க வேண்டும். ஆனால் ஒருவர் உண்பதைக் கொண்டு அவரது ஒழுக்கத்தை அளப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த அளவுகோலை இறுதிவரை நீட்டிப் பாருங்கள். அது உணவில் நிற்பதில்லை, பிறப்பில் போய்த்தான் முட்டுகிறது.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மைப் போன்ற சங்கங்களின் விழாக்களில் ஆடவர் மேடையில் முழங்குவதும், மகளிர் பின்னறையில் தட்டு அடுக்குவதும் வழக்கமாகிவிட்டது. அடுத்த புதுமுக மாணவர் வரவேற்பு நாளன்று இதை மாற்றிப் பார்ப்போம். அன்று மேடை மகளிருக்கு, அடுப்பு ஆடவருக்கு. முட்டை உண்போர்க்குப் பொடிமாஸ், உண்ணாதோர்க்கு உப்புமா. கரண்டி பிடிக்க முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். வெங்காயம் அரிய இன்னும் நான்கு பேர் வேண்டும். கண் கலங்க அஞ்சாதவர்கள் பெயர் கொடுங்கள்.