மதுவக் கழிவும் பயிரின் காவலும்

முளைத்த பார்லியின் இனிப்புச் சாற்றை நொதிக்கச் செய்து பியராக்குவது மதுவம் என்னும் நுண்ணுயிர். ஒவ்வொரு நொதித்தலின்போதும் அது பன்மடங்கு பெருகுகின்றது. அதில் ஒரு பகுதியே மறுமுறைக்கு வேண்டப்படும். எஞ்சியது வண்டலாகத் தேங்கும். அதனை வாய்க்காலில் விட்டால், அது அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து மீனினத்தை மாய்க்கும். தக்க முறையிற் பிரித்தெடுத்தாலோ, நோயெதிர்ப்பைத் தூண்டும் நற்பொருளாகும்.

இவ்வண்டலைப் பயன்கொள்வது புதிதன்று. 1902இல் இங்கிலாந்தில் இதிலிருந்து மார்மைற் செய்யத் தொடங்கினர். 1934-35இல் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது தொண்டர்கள் அதனை மெலிந்தோர்க்கு வழங்கினர். அன்று பயன்பட்டது மதுவத்தின் உட்சத்து. இன்று ஆராய்ச்சியாளர் நாடுவது அதன் புறச்சுவர்.

மதுவத்தை ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பத்திற் பல மணிநேரம் வைத்தால், அது தன்னைத்தானே செரித்துக்கொள்ளும். உட்சத்தை நீக்கி, எஞ்சிய சுவரைக் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவினால் பீற்றா குளுக்கன் கிடைக்கும். விலங்குகளின் உடலில் வெண்குருதிக் கலங்கள் இதனை உணர்ந்து விழிப்படைகின்றன. பயிரின் செயலும் இத்தகையதே. மதுவமும் பூஞ்சண இனமாதலால், அதன் சுவர்த்துகள் இலையிற் பட்டதும் பகை வந்ததெனப் பயிர் உணர்ந்து, தன் கலச்சுவரைத் தடிப்பித்துக் காப்புப் பொருள்களை ஆக்குகின்றது. மதுவச் சுவரினாலான செரிவிசேன் என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பயிர்ப் பாதுகாப்புக்கென அங்கீகரித்தது.

எனினும் இது நோயைக் கொல்லும் மருந்தன்று. நோய் தோன்றுமுன் தெளித்தாலே பயன் தரும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டுமன்றோ? யூரியாவை மிகையாக இட்டு எரிபந்த நோயை வரவழைத்த வயலை எந்தத் தூண்டற்பொருளும் மீட்காது. எதிர்ப்புள்ள இனமும், அளவான பசளையும், தூய விதையுமே முதற்காவல்.

ஆலை வண்டலை அப்படியே பயிருக்குத் தெளிப்பதும் இதற்கு ஈடாகாது. உயிருள்ள மதுவத்தைக் கால்நடைக்கு ஊட்டினால், அது வயிற்றினுள் நொதித்து உப்பிசத்தை உண்டாக்கும். வெப்பத்தாற் கொன்ற பின்னரே தீவனத்திற் சேர்த்தல் தகும்.

‘நோயெதிர்ப்பு’ என்னும் சொல்லை மட்டும் நம்பிப் புட்டிகளை வாங்கிக் கடன்படுதல் கமக்காரருக்கு நன்றன்று. சுட்டியில் உட்பொருளும், அளவும், பதிவிலக்கமும் உளவா எனப் பார்த்தல் வேண்டும். வாங்கியதை முதலில் ஒரு பாத்தியில் மட்டும் தெளித்து, தெளியாத பாத்தியோடு ஒப்பிடல் வேண்டும். ஆலைகளும் வண்டலை வீணாக்காது பிரித்தெடுத்து, நம் நெல், மிளகாய், கத்தரி நிலங்களிற் சோதிக்க உதவுதல் கடனாகும். வயலில் விளங்கும் பயனே சான்று, விளம்பரம் சான்றாகாது.