குளோரின் வாடை குப்பென்று அடிக்குதா? உஷார்!

பரீட்சை முடிந்தாச்சு. 'அம்மா, என்னை நீச்சல் கிளாஸ்ல சேர்த்து விடும்மா' என்று உங்கள் வீட்டு வாண்டு நச்சரிக்க ஆரம்பித்திருக்குமே! தாராளமாகச் சேருங்கள். ஆனால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் அந்தக் குளத்துத் தண்ணீரை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

மழை, குளிர் என்று மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குளமாக இருக்கலாம். சருகு, தூசி, பாசி எல்லாம் அதில் குடியிருந்திருக்கும். திறப்பதற்கு முதல் நாள் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, 'சுத்தம் பண்ணிட்டோம் சார்' என்றால் ஆச்சா?

முதலில் குப்பையை அள்ளி, சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, ஃபில்டரை ஓடவிட வேண்டும். அடுத்து, தண்ணீரின் பி.எச். அளவை 7.2-லிருந்து 7.8-க்குள் கொண்டு வர வேண்டும். அது ஏறிவிட்டால், குளோரினின் வீரியம் குறைந்துவிடும். அதன் பிறகுதான் குளோரின். தொடக்கத்தில் கூடுதலாகப் போட்டு, அளவு இறங்கும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. பிறகு தினமும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

'குளோரின் வாடை தூக்கலா அடிக்குது, தண்ணி சுத்தம்தான்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர் எதிர்! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் 'குளோரமின்' உண்டாகிறது. அந்த நெடியும், கண் எரிச்சலும், இருமலும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும்.

இதில் நம் பங்கும் உண்டு. பிள்ளைகளை பாத்ரூம் போகவைத்து, குளிக்கவைத்து இறக்குங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் அனுப்பவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆழமான பக்கத்தில் அடித்தரை பளிச்சென்று தெரிகிறதா என்பது. கலங்கிய தண்ணீரில் மூழ்கிய குழந்தை, கரையில் நிற்கும் கோச் கண்ணுக்குத் தெரியாது. அடி தெரியவில்லையா? அன்றைக்குக் குளத்தில் இறங்க வேண்டாம்.

பி.எச்., குளோரின் அளவுகளை ஒவ்வொரு நாளும் போர்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 'நம்மளை வம்புக்காரங்கன்னு நினைப்பாங்களோ' என்று கூச்சப்படாதீர்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். இறங்கப் போவது நம் பிள்ளை!