விசாரணையின்றிச் சாகும் நத்தைகள்

சிங்கப்பூரில் வாழும் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு கடலைக் கட்டி வைத்திருக்கிறார். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, உப்புநீர், நீலமாய் ஒளிரும் விளக்குகள், பாறைகளின்மேல் விரிந்து சுருங்கும் பவள உயிர்கள். ஓரிரவு அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, விளக்கணைந்த தொட்டியின் கண்ணாடியில் காதுமடல் போன்ற சிற்றுயிர் ஒன்று விரைந்து ஊர்வதை நாம்தான் முதலில் கண்டோம். ஓடு விரல்நகத்தளவே இருந்தது. உடலோ அதற்குள் அடங்காமல் பின்னே நீண்டிருந்தது. காட்டிக்கொடுத்த பாவம் நம்முடையது. நண்பர் இடுக்கியை எடுத்தார். முதல் பிடியில் அது தன் பின்புறச் சதையைக் கழற்றிப் போட்டுவிட்டு நழுவியது. இரண்டாம் பிடியில் தப்பவில்லை. வினிகர் ஊற்றிய கிண்ணத்தில் விழுந்து அடங்கியது. "என்ன அது?" என்று கேட்டோம். "தெரியாது, அதனால்தான்" என்றார்.

அந்த "அதனால்தான்" என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

செத்தது ஸ்டொமடெல்லா. கடலில் அபலோன் எனப்படும் காதுச்சங்கை ஒத்த தட்டையான ஓடும், ஆபத்தில் காலின் பின்பகுதியை உதறிவிட்டு ஓடும் வழக்கமும் அதன் அடையாளங்கள். பாறையிலும் கண்ணாடியிலும் படியும் பாசிப்படலமே அதன் உணவு; பவளத்தைத் தொடாது. மறுநாள் மாலை நண்பர் கடைக்குப் போய், கண்ணாடியில் படியும் பாசியை மேய்வதற்கென்று ஒரு டஜன் நத்தைகளைக் காசு கொடுத்து வாங்கிவந்தார். கூலியின்றி அதே வேலையைச் செய்துகொண்டிருந்த உயிரை முந்தைய இரவு கொன்றதை நாம் நினைவூட்டினோம். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். உண்மைதான். தெரியாத நத்தையை முதலில் அகற்று, பிறகு வேண்டுமானால் விசாரித்துக்கொள் என்பது பவளத்தொட்டி வளர்ப்போரிடையே ஏறத்தாழ ஒரு தர்மமாகவே நிலைபெற்றுவிட்டது.

இந்நத்தைகள் தொட்டிக்குள் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். இத்தொட்டிகளின் உயிர்நாடி உயிர்ப்பாறை எனப்படுவது. இறந்த பவளங்களின் சுண்ணக்கூடே அது. அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதால் பாறையே வடிகட்டி ஆகிறது. பிஜி, டோங்கா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கடல்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் இப்பாறைகள் பெயர்த்து அனுப்பப்பட்டன. அவற்றோடு புழுவும் நண்டும் நத்தையும் வந்தன. உலர்பாறையும் செயற்கைப்பாறையும் புழக்கத்துக்கு வந்துவிட்ட இன்றும், வாங்கிவரும் பவளத்துண்டின் அடிக்கட்டையில் ஒரு நத்தையோ அதன் முட்டையோ ஒட்டியிருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர், வழியில் கைகாட்டி ஓசியில் வண்டியேறிய பயணி என்ற பொருளுடையது. பெயரிலேயே அநீதி தொடங்கிவிடுகிறது. எந்த நத்தையும் கைகாட்டி எந்த வண்டியையும் நிறுத்தவில்லை. அதன் வீட்டைப் பெயர்த்துப் பெட்டியில் அடைத்தவர்கள் நாம். குடியிருந்தவனையே அத்துமீறி நுழைந்தவன் என்று எழுதிக்கொண்டபின் தீர்ப்பு எளிதாகிவிடுகிறது.

"இத்தனை சிறியதை எப்படி அடையாளம் காண்பது?" என்பார்கள். அறிவியல் பெயர் பெற்ற வயிற்றுக்காலிகள் 60,000க்கும் மேல் என்பது மெய்யே. ஆனால் இனப்பெயர் வரை யாரும் போகச் சொல்லவில்லை. குடும்பம் எது, உணவு எது என்று அறிந்தால் போதும். அதற்கு ஒரு கைலென்ஸும் சில இரவுகளும் வேண்டும். ஓட்டின் வடிவம் என்ன? வாய் வட்டமா, நீண்ட பிளவா? வாயை அடைக்கும் மூடி உண்டா. உண்டெனில் சுண்ணமா, கொம்புப்பொருளா? உயிர் வெளிவருவது பகலிலா, இரவிலா? எல்லாவற்றுக்கும் மேலாக, அது எதன்மீது உட்கார்ந்திருக்கிறது? இவ்வைந்து கேள்விகளுக்கு விடை தேடாமல் ஒரு மங்கலான புகைப்படத்தைக் காட்டித் தீர்ப்புக் கேட்பதும், கேட்ட மாத்திரத்தில் "கொன்றுவிடுங்கள்" என்று ஒருவர் தீர்ப்பளிப்பதும் அறிவின் பேரால் நடக்கும் சோம்பேறித்தனம்.

இங்கே ஒரு சூத்திரம் வேறு உலவுகிறது. ஓட்டின் வாய்விளிம்பில் பள்ளமோ குழலோ இருந்தால் அது ஊன் தின்னி. விளிம்பு முழுவட்டமாக இருந்தால் பாசி தின்னி. தொடக்கத்துக்கு உதவும் கைவிளக்கு என்ற அளவில் இதை ஏற்கலாம், தீர்ப்பாக ஏற்கவியலாது. கோபுரம்போல் நீண்ட செரித்தியத்துக்கு வாயோரத்தில் குழல் உண்டு. அது மேய்வதோ பாசியையும் மக்கிய கழிவையும். ஸ்ட்ராம்பஸ் சங்குகளுக்கும் பள்ளம் உண்டு, அவையும் சைவமே. மறுபுறம், கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டமிட்ட ஹீலியாக்கஸின் வாயில் பள்ளமே இல்லை. பொத்தான்களைக் கொட்டியதுபோல் படரும் ஸோவாந்திட்களைத் தின்பதே அதன் பிழைப்பு. எபிடோனியம் குடும்பத்துக்கும் வட்டவாய்தான். அவையும் கடல்தாமரைகளையும் பவளங்களையும் உண்டு வாழ்பவை. சூத்திரத்தை மட்டும் நம்பியவர் செரித்தியத்தைத் தூக்கிலிட்டு ஹீலியாக்கஸுக்கு விருந்து வைப்பார்.

ஆகவே நம் கட்சியை யாரும் தவறாகக் கொள்ள வேண்டாம். "எல்லா உயிரும் வாழட்டும், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று கண்ணை மூடிக்கொள்ளும் இன்னொரு சாராரும் உண்டு. கருணை என்று அவர்கள் சொல்வதும் அதே சோம்பேறித்தனத்தின் மறுமுகமே. அரிசிமணி அளவில் வெண்மையாய்க் கூர்த்திருக்கும் பிரமிடெல்லிட்களைப் பாருங்கள். அவற்றுக்கு அரநாக்குக் கிடையாது. துதிக்கை போன்ற உறுப்பினுள் இருக்கும் ஊசியால் குத்தி, டிரைடாக்னா என்னும் பெருஞ்சிப்பியின் உடல்நீரை உறிஞ்சுகின்றன. பகலில் சிப்பியின் அடியில் ஒளிந்து, இரவில் அதன் சதைவிளிம்புக்கு ஏறிவருகின்றன. "பாவம், குட்டி நத்தை" என்று விட்டுவைத்தவர் சில மாதங்களில் வெற்று ஓடுகளைக் கையில் ஏந்தி நிற்பார். அதே தொட்டியில், அதே அளவில், உருண்டையான உடலும் வெண்சுண்ண மூடியும் கொண்ட கொலோனிஸ்டா நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கலாம். அது பாசி மேய்வது. பெருகுவது ஒன்றே அதன் குற்றம். இரண்டையும் பிரித்தறியாதவரின் இரக்கம் சிப்பியைக் கொல்லும். அவருடைய சினம் கொலோனிஸ்டாவைக் கொல்லும்.

நத்தை என்றே பலர் அறியாத நத்தையும் உண்டு. வெர்மெடிட்கள் பாறையோடு பாறையாய்க் குழல்கட்டி ஒட்டிக்கொள்பவை. புழுவென்று அவற்றைக் கடந்துபோகிறார்கள். அவை சளியாலான வலையை நீரில் விரித்து, சிக்கிய துகள்களோடு சேர்த்து இழுத்து விழுங்குகின்றன. அந்த வலை படியும் பவளம் நலிகிறது. மூரியா தீவின் திட்டுகளில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, இவற்றின் அண்மையில் பவளங்களின் வளர்ச்சியும் பிழைப்பும் குறைவதைக் காட்டியது. ஆய்வில் டென்ட்ரோபோமா மேக்ஸிமம் என்றிருந்த அந்த உயிருக்குப் பின்னர் செரேசிக்னம் என்று வேறு பேரினப்பெயர் வந்துவிட்டது. பெயர் மாறியது, வலையை விரித்து இழுப்பதைக் கண்ட கண்களின் சாட்சி மாறவில்லை.

"கூம்புச்சங்கு வந்துவிட்டால்?" என்பது கடைசி ஆயுதம். நியாயமான அச்சம்தான். கோனஸ் ஜியாகிராஃபஸ் மனிதரைக் கொன்றதுண்டு. அதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. கூம்பு வடிவமும் நீண்ட பிளவுபோன்ற வாயும் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள் என்று நாமும் சொல்வோம். ஆனால் அந்த அச்சத்தின் பேரால் செத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் யூப்ளிகா போன்ற புறாச்சங்குகள். அவையும் நீள்வாய் கொண்டவை. அளவிலோ ஒரு பட்டாணியைத் தாண்டாதவை. பாசி மேய்ந்து தொட்டியிலேயே குஞ்சு பொரிப்பவை. கூம்புச்சங்கையே எடுத்துக்கொண்டாலும், கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் நஞ்சைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களால்தான் ஸிகோனோடைட் என்ற வலிநிவாரணி கிடைத்தது. அமெரிக்க மருந்துத் துறை 2004 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. கொடிய வலியில் துடிப்பவரின் தண்டுவட நீரில் செலுத்தப்படும் மருந்து அது. பார்த்ததும் நசுக்கியவர்களிடமிருந்து அது வரவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் நத்தைக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். பெயரிடுதல் நம் தொழில் அல்லவா? நந்து, நத்தை, சங்கு, சோழி, பலகறை என்று சொல்வளம் பெற்ற மொழி நம்முடையது. தொல்காப்பியர் மரபியலில் நந்தை ஈரறிவுயிராக வகுத்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. மணலுக்குள் புதைந்திருக்கும் நசாரியஸ், தொட்டியில் ஓர் இறைச்சித்துண்டு விழுந்ததும் வாசனை பிடித்துத் துதிக்கையை நீட்டி எழுந்துவருவதை ஒருமுறை பார்த்தவர், மூன்றாம் அறிவை அதற்கு எப்படி மறுப்பது என்று திகைப்பார். அத்திகைப்பு தொல்காப்பியருக்கு இழுக்காகாது. தம் காலத்தில் கண்ணால் கண்டு வகுத்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, நாமும் கண்ணால் காண்பதே.

நம் வலம்புரிக்கதையும் இதையே சொல்கிறது. நாம் வலம்புரி என்று போற்றும் அபூர்வச் சங்கை விலங்கியலார் இடஞ்சுழி என்பார்கள். அவர்கள் ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து, வாயைத் தம்பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். நம் மரபில் கூர்முனை கீழே, நீர் வடியும் மூக்கு மேலே. இருவர் கூற்றும் மெய். எப்படிப் பிடித்துப் பார்த்தோம் என்பதைச் சொல்லாத பெயர் பாதிப்பெயர்தான். தொட்டியில் கண்ட ஒன்றை "கெட்ட நத்தை" என்று அழைப்பவர் அந்தப் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், சமண நெறி சார்ந்த இடங்கள் விளங்காதபோது அவற்றை வெட்டி எறியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். விளங்காத சொல்லைப் பிழையென்று நீக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. விளங்காத உயிரை நீக்குபவரை மட்டும் பொழுதுபோக்குக்காரர் என்று ஏன் விட்டுவிட வேண்டும்?

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஐயத்துக்குரிய நத்தையைத் தொட்டிநீர் நிரப்பிய ஒரு தனிக்கலத்தில், சிறு பாறைத்துண்டோடும் காற்றுக்குழாயோடும் ஒரு வாரம் வையுங்கள். பாசி படிந்த கல்லை மேய்கிறதா என்று பாருங்கள். லென்ஸால் வாயையும் மூடியையும் பாருங்கள். விவரமறிந்தவரிடம் தெளிவான படத்தோடு கேளுங்கள். ஊறு செய்வது என்று உறுதியானால் அகற்றுங்கள்; அதில் நமக்கு மறுப்பில்லை. இரக்கப்பட்டு அருகிலுள்ள கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிஜியின் நத்தைக்கு அது ஊரன்று, அங்குள்ள நத்தைகளுக்கு அது உறவுமன்று.

சென்ற மாதம் நண்பரோடு பேசினோம். கடையில் வாங்கிய டஜனில் எட்டு செத்துவிட்டனவாம். கண்ணாடியில் பாசி மறுபடி படர்கிறதாம். பாறையடியில் காதுமடல்போல் இன்னொன்று தென்படுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள் என்றோம்.